கனடாவின் வடக்கில் சம்பளம் ஏன் அதிகம்? படி, விலை, தூரம்: ஒரு கணக்கு

கனடாவில் நர்ஸ், ஆசிரியர், கணக்காளர் வேலை தேடுகிறவர்களின் கண்ணில் அவ்வப்போது ஒரு விளம்பரம் படும். ஊர்ப் பெயர் வாயில் நுழையவே நேரமாகும். சம்பளமோ டொரொன்டோவில் அதே வேலைக்குக் கிடைப்பதைவிட அதிகம். அதற்கு மேல் ‘வடக்குப் படி’ என்று தனியாக ஒரு தொகை, வேலையோடு சேர்ந்து வீடு, போய்ச்சேர விமானச் செலவு. உடனே இரண்டு விதமான பேச்சு கிளம்பும். “இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் வீடு வாங்க முன்பணம் சேர்த்துவிடலாம்” என்பார்கள் சிலர். “அங்கே சம்பாதிப்பதெல்லாம் சாப்பாட்டுக்கே போய்விடும், இருட்டில் பைத்தியம் பிடித்துவிடும்” என்பார்கள் மற்றவர்கள்.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்தப் பணம் எதற்காகத் தரப்படுகிறது, யார் கைக்குப் போகிறது, யார் கைக்குப் போவதில்லை என்பது தெரியாவிட்டால் லாபமும் புரியாது, நட்டமும் புரியாது. அடிப்படையிலிருந்தே வருவோம்.

## எந்த வடக்கு?

கனடாவில் 10 மாகாணங்களும் 3 பிரதேசங்களும் இருக்கின்றன. மாகாணத்துக்கு அதன் அதிகாரம் அரசியலமைப்பிலிருந்தே வருகிறது. பிரதேசத்துக்கு அது மத்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியாக வருகிறது. யூக்கான், வடமேற்குப் பிரதேசங்கள், நுனாவுட் ஆகியவைதான் அந்த மூன்று. வடமேற்குப் பிரதேசங்கள் பெயரில்தான் பன்மை, ஆட்சி ஒன்றுதான். நுனாவுட் அதிலிருந்து 1999 ஏப்ரல் 1 அன்று பிரிந்தது.

2021 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி யூக்கானில் 40,232 பேர், வடமேற்குப் பிரதேசங்களில் 41,070 பேர், நுனாவுட்டில் 36,858 பேர். மூன்றையும் கூட்டினால் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் சொச்சம். நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இடத்தில், நாட்டு மக்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர் வாழ்கிறார்கள்.

‘வடக்கு’ என்று ஒரே சொல்லில் சொன்னாலும் ஊருக்கு ஊர் நிலைமை வேறு. முதலில் பார்க்க வேண்டியது குளிரை அல்ல, சாலையை. அதை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

1. ஆண்டு முழுவதும் சாலை உள்ள ஊர்கள். யூக்கானின் தலைநகர் வைட்ஹோர்ஸ், 1942-இல் போட்ட அலாஸ்கா நெடுஞ்சாலையில் இருக்கிறது. வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகர் யெல்லோநைஃப் இந்த வகையில் சேர்ந்தது 2012 நவம்பரில்தான், மெக்கென்சி ஆற்றின் மேல் டே சோ பாலம் திறந்த பிறகு. அதற்கு முன்பு கோடையில் படகு, குளிர்காலத்தில் ஆற்றுப் பனியின் மேல் வண்டி. பனி உறையத் தொடங்கும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் இரண்டும் கிடையாது, சாமான் விமானத்தில் வரும்.

2. சாலை உண்டு, ஆனால் அவ்வப்போது அறுபடும் ஊர்கள். டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையின் முனையில் இருக்கும் இனுவிக்குக்கு இரண்டு ஆறுகளைத் தாண்ட வேண்டும். பாலம் இல்லை. மேலே சொன்ன கதை அங்கே இன்றும் ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது.

3. சாலையே இல்லாத ஊர்கள். நுனாவுட்டின் 25 ஊர்களும் இதில் அடங்கும். வெளியுலகத்துக்கும் சாலை இல்லை, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கும் இல்லை. கனடாவின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு இடம் இது. மூன்று நேர மண்டலங்களில் பரந்து கிடக்கிறது. தலைநகர் இக்காலுயிட்டில் 7,429 பேர். வடகோடியில் உள்ள கிரைஸ் ஃபியோர்டில் 144 பேர்.

இந்தப் பட்டியலில் கீழே போகப் போக விளம்பரத்தில் உள்ள தொகை ஏறும். எனவே ‘வடக்கில் வேலை’ என்று யாராவது சொன்னால் எந்த ஊர் என்று கேட்காமல் பேச்சைத் தொடர்வதில் பயனில்லை. வைட்ஹோர்ஸில் இருக்கிறவருக்கும் கிரைஸ் ஃபியோர்டில் இருக்கிறவருக்கும் பொதுவாக இருப்பது ஒரு கனமான கோட்டு மட்டும்தான். கொஞ்சம் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான்.

கீழே வருவதில் பெரும்பகுதி நுனாவுட்டைப் பற்றியது. எல்லாச் சிக்கலும் அங்கே முற்றிய வடிவில் இருப்பதால் கணக்கு தெளிவாகத் தெரியும்.

## கப்பல் வரும் காலம்

சாலை இல்லாத ஊருக்குச் சாமான் இரண்டு வழிகளில் வருகிறது: விமானம், கப்பல். விமானம் வேகமானது, விலை கூடியது, வானிலைக்கு அடங்கியது. கப்பல் மலிவு. ஆனால் கடல் உறைந்திருக்கும் மாதங்களில் வராது. ஏறத்தாழ ஜூலை முதல் அக்டோபர் வரைதான் கப்பல் பருவம். இதை அங்கே எல்லோரும் ‘சீலிஃப்ட்’ என்றே சொல்கிறார்கள்.

ஒரு குடும்பத்துக்கு இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வசந்த காலத்தில் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட வேண்டும். ஒரு வருடத்துக்கு எத்தனை மூட்டை மாவு, எத்தனை மூட்டை அரிசி, எத்தனை பெட்டி சோப்பு, கழிப்பறைக் காகிதம் எத்தனை, குழந்தைக்கு டயப்பர் எத்தனை. டயப்பர் கணக்கில்தான் பலரும் சறுக்குவார்கள், ஏனென்றால் இன்று இரண்டாம் அளவு போடும் பிள்ளை ஜனவரியில் எந்த அளவு போடும் என்று மே மாதத்திலேயே ஊகிக்க வேண்டும். தெற்கே மொத்தமாக வாங்கி, மரப்பெட்டியில் அடைத்து, துறைமுகத்தில் கொடுத்தால், வாரங்கள் கழித்து ஊர்க் கடற்கரையில் இறங்கும். பெரும்பாலான ஊர்களில் கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். மிதவைப் படகில் ஏற்றி, கடல் ஏற்றம் வரும் நேரம் பார்த்துக் கரையில் இறக்குவார்கள். இக்காலுயிட்டில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே நீர்மட்டம் 10 மீட்டருக்கு மேல் மாறும். தலைநகராக இருந்தும் அங்கே ஆழ்கடல் துறைமுகம் திறந்தது 2023-இல்தான். வந்து இறங்கிய மரப்பெட்டியையும் யாரும் எறிவதில்லை. மரமே வளராத நிலத்தில் அந்தப் பலகை கொட்டகையாகும், பனிச்சறுக்கு வண்டியாகும்.

இதில் ஒளிந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. சீலிஃப்ட் மலிவுதான், ஆனால் ஒரு வருடச் சாமானுக்கான பணத்தை ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். சாமானை வைக்க வீட்டில் இடமும் வேண்டும். மாதச் சம்பளம் நன்றாக வாங்குகிறவர் இதைச் செய்துவிடுவார். கையிலிருப்பது அடுத்த வாரத்துக்கே போதாத குடும்பம், அதே சாமானை உள்ளூர்க் கடையில் கொஞ்சம் கொஞ்சமாக, கூடுதல் விலைக்கு வாங்கும். அங்கே வறுமை இப்படி இரண்டு முறை செலவு வைக்கும்.

சாப்பாடு மட்டுமல்ல. 25 ஊர்களிலும் மின்சாரம் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. ஆண்டுக்குத் தேவையான டீசல் கோடையில் டாங்கர் கப்பலில் வந்து ஊர்த் தொட்டிகளில் நிரம்புகிறது. வீட்டைச் சூடாக்குவதும் எண்ணெய்தான். கடையில் ஒரு ரொட்டியின் விலையில் அதன் விமானக் கூலி மட்டுமா இருக்கிறது? கடையின் விளக்கும், குளிர்பதனப் பெட்டியும், சூடேற்றும் அடுப்பும், ஊழியரின் வீட்டு வாடகையும் சேர்ந்தே இருக்கின்றன.

## படி, கழிவு, வரி: எது எது?

‘வடக்கில் அரசாங்கம் பணம் கொடுக்கிறது’ என்று பொதுவாகச் சொல்வதில் தனித்தனியான நான்கு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன.

1. வடக்குப் படி. இதைக் கொடுப்பவர் வேலை தருபவர். நுனாவுட் அரசு ஊழியர்களுக்கு ஊரைப் பொறுத்துத் தொகை மாறும். இக்காலுயிட்டில் ஆண்டுக்கு 15,000 டாலரைத் தாண்டும், எட்டாத ஊர்களில் அதைவிடப் பல ஆயிரம் கூடுதல். இதுவும் வருமானம்தான், இதற்கும் வரி உண்டு. விளம்பரத்தில் பார்த்த தொகை முழுதாகக் கைக்கு வராது.

2. வடக்கு வாழ்வோர் வருமானக் கழிவு. இது மத்திய வருமான வரிச் சட்டத்தில் இருப்பது. வரையறுத்த பகுதியில் தொடர்ந்து 6 மாதமாவது வாழ்ந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 11 டாலர். அந்த வீட்டில் வேறு யாரும் இதைக் கோராவிட்டால் இன்னொரு 11 டாலர். ஆக, அதிகபட்சம் நாளுக்கு 22 டாலர், 365 நாளுக்கு 8,030 டாலர். மூன்று பிரதேசங்களும் முழுக் கழிவு மண்டலத்தில் இருக்கின்றன. மாகாணங்களின் வடபகுதிகளில் சில இடங்கள் இடைப்பட்ட மண்டலம், அங்கே பாதிதான். நிகர வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் இந்தக் கழிவைக் கோர முடியாது.

3. பயணக் கழிவு. வேலை தருபவர் பயணப் பணம் கொடுத்திருந்தால் அதில் ஒரு பகுதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அப்படிப் பணம் கிடைக்காதவர்களுக்கு முன்பு இது இல்லை. 2021 வரி ஆண்டிலிருந்து அவர்களும் 1,200 டாலர் வரை கோரலாம்.

4. விற்பனை வரி. மூன்று பிரதேசங்களிலும் மத்திய அரசின் 5 சதவீத ஜிஎஸ்டி மட்டும்தான், பிரதேச விற்பனை வரி கிடையாது. அதே சமயம் நுனாவுட்டிலும் வடமேற்குப் பிரதேசங்களிலும் சம்பளத்திலிருந்து 2 சதவீதம் ஊதிய வரியாகப் பிடிப்பார்கள். முன்வாசலில் விட்டதைப் பின்வாசலில் பிடிப்பது.

இரண்டாவதில்தான் அதிகக் குழப்பம். கழிவு என்றால் 8,030 டாலர் கைக்கு வரும் என்று பொருள் அல்ல. வரி கணக்கிடும் வருமானம் அவ்வளவு குறையும், அவ்வளவுதான். கடைசி டாலருக்கு 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு மிஞ்சுவது 2,409 டாலர். 20 சதவீதம் கட்டுகிறவருக்கு 1,606 டாலர். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவருக்கு ஒன்றும் இல்லை. அதிகம் சம்பாதிப்பவருக்கு அதிகம் மிச்சமாகிற ஏற்பாடு இது.

இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படுவது வருகிறது. கடையில் விலைச்சீட்டு எல்லோருக்கும் ஒன்று. படியும் கழிவும் எல்லோருக்கும் இல்லை. அரசு வேலை, சுரங்க வேலை, பெரிய நிறுவன வேலை உள்ளவருக்கு விலை உயர்வை ஈடுகட்ட ஒரு வழி இருக்கிறது. அந்த ஊரிலேயே பிறந்து, நிலையான வேலை இல்லாமல் இருப்பவருக்கு அது இல்லை. வடக்கில் வாழ்வது லாபமா நட்டமா என்ற கேள்விக்கு, யாருக்கு என்று கேட்காமல் பதிலே இல்லை.

## மளிகை மானியம் யாருக்குப் போகிறது?

அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் மத்திய அரசின் ‘நியூட்ரிஷன் நார்த்’ திட்டம் 2011 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன்பு ‘ஃபுட் மெயில்’ என்று ஒன்று இருந்தது. அதில் உணவை அனுப்பும் கூலியை அரசு குறைத்துக் கொடுத்தது. புதிய திட்டத்தில் மானியம் நேராகக் கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் போகிறது. அனுப்பிய உணவின் எடைக்குத் தக்கபடி இவ்வளவு என்று கணக்கு. கடைக்காரர் அதை விலையில் குறைத்துக் காட்ட வேண்டும்.

காட்டுகிறாரா? கனடாவின் தலைமைக் கணக்காயர் 2014-இல் வெளியிட்ட அறிக்கை, மானியம் முழுவதும் வாங்குகிறவருக்குப் போய்ச் சேருகிறதா என்பதைத் துறை சரிபார்க்கவே இல்லை என்று குறை சொன்னது. ஒரே ஒரு கடை, போனால் இரண்டு கடை உள்ள ஊரில் போட்டி விலையைக் குறைக்கும் என்று நம்ப முடியாது. பின்னால் சில திருத்தங்கள் வந்தன. அவற்றில் உருப்படியானதாக எனக்குத் தோன்றுவது 2020-இல் தொடங்கிய வேட்டையாளர் ஆதரவு நிதி. கடைச் சாமானுக்குக் கொடுப்பதோடு நில்லாமல், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் ஆகிற செலவுக்கும் உதவுவது. காரணம் எளிது. அந்த மண்ணின் பழங்குடிகளான இனுயிட் மக்களின் உணவு முதலில் கடையில் இருந்ததில்லை.

## தண்ணீர்த் தொட்டியும் கழிவுத் தொட்டியும்

உறைநிலம் என்பது தொடர்ந்து இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் 0 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கும் மண். கோடையில் மேல்பரப்பில் கொஞ்சம் இளகும், அடியில் இளகாது. இதன் மேல் நேரடியாக வீடு கட்டினால் வீட்டின் சூடு மண்ணை இளக்கும், வீடு சாயும். அதனால் இரும்புக் கால்களை நட்டு, தரைக்கும் வீட்டுக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டுக் கட்டுகிறார்கள். தண்ணீர்க் குழாயைப் புதைப்பதும் லேசான காரியம் அல்ல. இனுவிக்கில் சூடேற்றிய பெட்டிக்குள் குழாய்களை வைத்துத் தரைக்கு மேலேயே கொண்டுபோகிறார்கள்.

நுனாவுட்டில் இக்காலுயிட்டின் ஒரு பகுதி போன்ற சில இடங்களைத் தவிர, பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் லாரிதான். லாரிக்காரர் சுவரில் உள்ள வாயில் குழாயை மாட்டி, வீட்டுக்குள் இருக்கும் தொட்டியை நிரப்பிவிட்டுப் போவார். கழிவு நீருக்கு வேறு தொட்டி, அதை உறிஞ்ச வேறு லாரி. கழிவுத் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மோட்டார் தானாகவே நின்றுவிடும், இல்லையென்றால் கழிவு வீட்டுக்குள் பொங்கும். ஆக, நல்ல தண்ணீர்த் தொட்டி பாதி நிறைந்திருந்தாலும் குழாயில் ஒரு சொட்டு வராத நாள் உண்டு. பனிப்புயல் இரண்டு நாள் நீடித்து லாரி ஓடாவிட்டால், பாத்திரம் கழுவுவதா குளிப்பதா என்று வீட்டில் முடிவெடுக்க வேண்டும். தெற்கிலிருந்து வருகிறவர் முதலில் கற்றுக்கொள்வது குளிரை அல்ல, பல் தேய்க்கும்போது குழாயை மூடுவதை.

குழாய் இருந்தாலும் நிம்மதி என்று சொல்ல முடியாது. 2021 அக்டோபரில் இக்காலுயிட்டின் குடிநீரில் எரிபொருள் கலந்தது தெரியவந்தது. டிசம்பர் வரை, ஏறத்தாழ இரண்டு மாதம், குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று தடை. பாட்டில் தண்ணீர் விமானத்தில் வந்து இறங்கியது, மக்கள் ஆற்றிலும் போய் மொண்டார்கள்.

வீட்டின் எண்ணிக்கை இன்னும் பெரிய தலைவலி. கட்டடப் பொருள் கப்பலில்தான் வர வேண்டும், கட்டும் பருவம் குறுகியது. வேலைக்காக வருகிறவருக்குப் பெரும்பாலும் ஊழியர் வீடு ஒதுக்கப்படுகிறது. அந்த வீடு வேலையோடு கட்டப்பட்டது, வேலை போனால் வீடும் போகும். உள்ளூர்க் குடும்பங்களில் பெரும்பகுதி பொது வீடுகளில், பல தலைமுறை ஒரே கூரையின் கீழ் நெருக்கிக்கொண்டு வாழ்கின்றன. காத்திருப்போர் பட்டியல் நீளம். புதிதாக வந்த ஓர் ஆளுக்கு இரண்டு அறை, பக்கத்து வீட்டில் எட்டுப் பேருக்கு மூன்று அறை என்ற காட்சி ஊருக்குள் மனக்கசப்பை உண்டாக்காமல் இருக்குமா?

## உடம்புக்கு வந்தால்

நுனாவுட் முழுவதற்கும் ஒரே மருத்துவமனை, இக்காலுயிட்டில் உள்ள கிகிக்டானி பொது மருத்துவமனை. மற்ற ஊர்களில் சுகாதார நிலையம், அதை நடத்துவது பெரும்பாலும் நர்ஸ்கள். அதற்கு மேல் என்றால் விமானம்தான். கிழக்குப் பகுதியினர் ஒட்டாவாவுக்கு, நடுப் பகுதியினர் வின்னிபெக்குக்கு, மேற்குப் பகுதியினர் யெல்லோநைஃபுக்கோ எட்மன்டனுக்கோ போகிறார்கள். இக்காலுயிட்டிலிருந்து ஒட்டாவா 2,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று மணி நேரப் பறப்பு. அரசு செலவை ஏற்றுக்கொண்டாலும் வானிலை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான ஊர்களில் கர்ப்பிணிகள் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டில் மற்றப் பிள்ளைகள், முன்பின் தெரியாத நகரத்தில் தங்குமிடம், காத்திருப்பு. நாள்பட்ட நோய் உள்ளவர், வளர்ச்சியில் சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தையின் பெற்றோர் ஆகியோருக்கு எந்தப் படியும் இதை ஈடுகட்டாது. இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

## இருட்டைப் பற்றிக் கொஞ்சம்

இது பலர் பயப்படும் அளவுக்குப் பெரிய விஷயம் அல்ல, ஊரைப் பொறுத்தது. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால், ஏறத்தாழ 66.5 டிகிரி வட அகலாங்குக்கு மேலேதான் சூரியன் உதிக்காத நாள் வரும். அதுதான் ஆர்க்டிக் வட்டம். மூன்று தலைநகரங்களுமே அதற்குத் தெற்கே இருக்கின்றன. இக்காலுயிட்டில் டிசம்பர் கடைசியில் பகல் நாலரை மணி நேரத்துக்கும் குறைவு, ஜூன் கடைசியில் 21 மணி நேரத்துக்குக் கிட்ட. இனுவிக்கில் ஏறத்தாழ 30 நாள் சூரியன் வராது. கிரைஸ் ஃபியோர்டில் மூன்று மாதத்துக்கும் மேல்.

இருட்டு மாதங்களில் சோர்வு, தூக்கக் கோளாறு, மனம் கனத்துப்போவது எல்லாம் உண்மை. ஆனால் புதிதாக வருகிறவர்களை அதிகம் படுத்துவது கோடை. இரவு 11 மணிக்குத் தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்க, கறுப்புத் திரை போட்ட அறையில் புரண்டு புரண்டு படுப்பது. இரவு வானில் தெரியும் வட ஒளியை (அரோரா) பார்க்கப் போகிறவர்கள் கோடையில் போய் ஏமாறுவதும் இதனால்தான். ஒளி மேலே இருக்கும், வானம் இருட்டாது.

## சரி, கிடைப்பது என்ன?

இவ்வளவும் இருந்தும் சிலர் இரண்டு வருடத்துக்குப் போய் இருபது வருடம் இருக்கிறார்கள். பணம் மட்டும் அதை விளக்காது.

முதலாவது, பொறுப்பு சீக்கிரம் வருகிறது. பெருநகர மருத்துவமனையில் பத்துப் பேருக்குக் கீழே நிற்கும் நர்ஸ், சின்ன ஊரில் ஒரே இரவில் பிரசவ வலி, குழந்தைக்குக் காய்ச்சல், பனிவண்டி விபத்து மூன்றையும் பார்க்க நேரலாம். தொலைபேசியில் மருத்துவர் இருப்பார், வேலை செய்யும் கை நர்ஸுடையது. சிலருக்கு இது பயங்கரம், சிலருக்கு இதற்குப் பிறகு தெற்கில் வேலை செய்யவே பிடிப்பதில்லை. கணக்காளர், பொறியாளர், ஆசிரியர் எல்லோருக்கும் இது பொருந்தும். ஐந்து ஆண்டில் எட்ட வேண்டிய பதவி இரண்டு ஆண்டில் வரும், ஏனென்றால் மேலே இருந்தவர் கிளம்பிப் போயிருப்பார்.

இரண்டாவது, கல்விக் கடன். குடும்ப மருத்துவர்களும் நர்ஸ்களும் ஒதுக்குப்புறமான, மருத்துவ வசதி குறைந்த ஊர்களில் வேலை செய்தால் கனடா மாணவர் கடனில் ஒரு பகுதியை மத்திய அரசு தள்ளுபடி செய்கிறது. 2023-இல் வந்த உயர்வுக்குப் பிறகு, ஐந்து ஆண்டில் மருத்துவருக்கு 60,000 டாலர் வரை, நர்ஸுக்கு 30,000 டாலர் வரை. இதற்கு வடதுருவம் வரை போக வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவது நேரம். ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தே போய்விடலாம். தினமும் இரண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் கழித்தவருக்கு அந்த இரண்டு மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது. அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாதவர்கள்தான் வசந்தத்துக்குள் மூட்டை கட்டுகிறார்கள்.

அப்புறம் நிலமும் மனிதர்களும். மார்ச், ஏப்ரலில் வெளிச்சம் திரும்பி வந்து, பனி இன்னும் உறுதியாக இருக்கும் வாரங்களை வடக்கில் இருப்பவர்கள் ஆண்டின் சிறந்த காலம் என்பார்கள். பனிவண்டியில் உறைந்த கடல் மேல் போய், துளை போட்டு, ஆர்க்டிக் சார் மீன் பிடிப்பது அப்போதுதான். கரிபூ மான், சீல், திமிங்கலத்தின் தோலும் கொழுப்பும் சேர்ந்த ‘மக்டுக்’ ஆகியவற்றுக்கு ‘நாட்டு உணவு’ என்று பெயர். மக்டுக்கில் வைட்டமின் சி இருக்கிறது. காய்கறி விளையாத நிலத்தில் இனுயிட் மக்கள் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வராமல் வாழ்ந்ததில் இதற்குப் பங்கு உண்டு. வேட்டையில் கிடைத்ததை வீடுவீடாகப் பகிர்வது இன்னும் நடக்கிறது. உள்ளூர் வானொலியில் ‘இறைச்சி இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் ஊர்கள் உண்டு. அந்த வீட்டுக் கதவு திறக்கிற அளவுக்கு ஊரோடு பழகியவருக்கு மளிகைச் செலவு குறையும். ஆனால் அதை அவர் மளிகைச் செலவோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கமாட்டார்.

## ‘இரண்டு வருடம்’ என்ற சொல்

நுனாவுட் மக்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவர்கள் இனுயிட். அது அவர்களுடைய தாய்நிலம். ‘ஒதுக்குப்புறம்’ என்பது தெற்கிலிருந்து பார்க்கிறவரின் சொல்.

1953-இலும் 1955-இலும் வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து குடும்பங்களை அரசாங்கம் கப்பலேற்றி, 2,000 கிலோமீட்டர் வடக்கே ரெசொலூட்டிலும் கிரைஸ் ஃபியோர்டிலும் இறக்கியது. பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்று வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. மன்னிப்புக் கேட்டது 2010-இல். காசநோய்க்காகத் தெற்கே கொண்டுபோனவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை, சிலர் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்றுகூடக் குடும்பத்துக்குச் சொல்லவில்லை. அதற்கு 2019 மார்ச்சில் அப்போதைய பிரதமர் ட்ரூடோ இக்காலுயிட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார்.

இந்த வரலாறு இன்றைய வேலை விளம்பரத்தோடு சேர்ந்ததுதான். இனுயிட் மக்களுக்கும் அரசுக்கும் இடையே 1993-இல் கையெழுத்தான நுனாவுட் ஒப்பந்தத்தின் 23-ஆம் பிரிவு, அரசு வேலைகளில் இனுயிட் மக்களின் பங்கை அவர்களின் மக்கள் தொகை விகிதத்துக்கு உயர்த்த வேண்டும் என்கிறது. இன்னும் பாதியைச் சுற்றித்தான் நிற்கிறது. அதனால் வேலைக்கு எடுப்பதில் இனுயிட்டுக்கு முன்னுரிமை உண்டு, அவர்களின் மொழியான இனுக்டிட்டூட் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் புது ஆசிரியரைப் பார்க்கும் பிள்ளை, ஒவ்வொரு முறையும் புது நர்ஸிடம் முதலிலிருந்து நோயைச் சொல்லும் முதியவர் ஆகியோரின் பக்கத்திலிருந்து பார்த்தால், ‘இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு’ வருகிறவருக்குக் கொடுக்கும் படி எவ்வளவு வீண் என்று தெரியும். படி ஆளைக் கொண்டுவருகிறது, தங்கவைப்பதில்லை.

## வழிகள் மாறுகின்றன

கனடாவின் வடபகுதி, உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் சூடாகிறது. குளிர் குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். இல்லை. வடக்கின் மலிவான சாலை பனிதான். யெல்லோநைஃபுக்கு வடக்கே வைரச் சுரங்கங்களுக்குப் போகும் குளிர்காலச் சாலை ஏறத்தாழ 400 கிலோமீட்டர், பெரும்பகுதி உறைந்த ஏரிகளின் மேல். வேகமாகப் போனால் பனிக்குக் கீழே அலை எழுந்து பனி உடையும் என்பதால், பாரம் ஏற்றிய லாரிகள் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். 2006-இல் குளிர் போதாமல் சாலை சீக்கிரம் மூடியது, மீதி எரிபொருளை விமானத்தில் தூக்க வேண்டியதாயிற்று.

ஆறும் அப்படித்தான். 2024-இல் மெக்கென்சியில் நீர் வற்றி, நார்மன் வெல்ஸுக்குச் சரக்குப் படகு போக முடியவில்லை. எண்ணெய் எடுக்கும் ஊரிலேயே எரிபொருள் விலை எகிறியது. 2023 ஆகஸ்டில் காட்டுத்தீ நெருங்கியபோது யெல்லோநைஃபின் ஏறத்தாழ 20,000 பேரும் ஒரே நெடுஞ்சாலையிலும் விமானங்களிலும் வெளியேறினார்கள். திரும்பியது மூன்று வாரம் கழித்து. சாலை உள்ள ஊர் என்று மேலே முதல் வகையில் போட்டேனே, அதற்கும் ஒரே சாலைதான்.

## விளம்பரத்தைப் பார்த்தவர் கேட்க வேண்டியவை

1. எந்த ஊர்? அங்கிருந்து வெளியே போகச் சாலை உண்டா, விமானம் வாரத்துக்கு எத்தனை?

2. வீடு தருகிறார்களா, வாடகை எவ்வளவு? எத்தனை பேருக்கு? வேலையை விட்டால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும்? வாய்மொழி வாக்கு வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

3. படியும் போனஸும் முழு ஆண்டு இருந்தால்தானா? நடுவில் கிளம்பினால் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? குடிபெயர்ந்த செலவுக்கும் இதே கேள்வி.

4. உங்கள் கணவருக்கோ மனைவிக்கோ அங்கே வேலை கிடைக்குமா? குழந்தைகள் காப்பகத்தில் இடம் இருக்கிறதா? பல குடும்பங்கள் திரும்பி வருவது குளிரால் அல்ல, இதனால்.

5. கனடாவில் நிரந்தர வதிவுரிமை (பிஆர்) பெறும் வழியாக இதை நினைக்கிறீர்களா? யூக்கானிலும் வடமேற்குப் பிரதேசங்களிலும், அதற்கு ஆட்களைப் பிரதேச அரசே பரிந்துரைக்கும் நியமனத் திட்டம் இருக்கிறது. நுனாவுட்டில் அப்படி ஒரு திட்டமே இல்லை.

6. ஊரின் மது விதி என்ன? நுனாவுட்டில் ஒவ்வோர் ஊரும் வாக்கெடுத்து முடிவு செய்கிறது. சில ஊர்களில் முழுத் தடை, பையில் ஒரு பாட்டில் கொண்டுபோவதும் குற்றம்.

7. இதே வேலையில் உங்களுக்கு முன்பு இருந்தவர் எத்தனை மாதம் இருந்தார், ஏன் போனார்? நேர்காணலின் கடைசியில் “உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?” என்பார்கள். அப்போது இதைக் கேளுங்கள். பதில் வருவதற்கு முன் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கவனியுங்கள்.